பதினெட்டுப் பக்கத்தில் இல்லாத குந்தாரப்பள்ளி

இந்தத் தடவை விமர்சனத்துக்கு எடுத்திருப்பது ஒரு பிடிஎஃப். 18 பக்கம். ஆசிரியர் பெயர் கிடையாது, விலை கிடையாது, வெளியான வருஷம் கிடையாது. கிருஷ்ணகிரி - ஓசூர் நெடுஞ்சாலையில், குந்தாரப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு தொழிற்சாலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே வாட்ஸாப்பில் அனுப்புகிறார்கள். முழுக்க ஆங்கிலம். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'உங்கள் புதிய அக்கம்பக்கத்துக்கு நல்வரவு'. என் அக்கா மகள் அங்கே டிரெய்னியாகச் சேர்ந்தாள்; அவள் வழியாக என் கைக்கு வந்தது. கம்பெனி பெயர் இங்கே தேவையில்லை. லோகோவை மாற்றிப் போட்டால் வேறு எந்தக் கம்பெனிக்கும் அப்படியே பொருந்தும். இருபது வருஷ சர்வீஸில் இதே அச்சில் வார்த்த கையேடுகளை நாலைந்து பார்த்திருக்கிறேன்.

எச்.ஆர். அனுப்புகிற பிடிஎஃப்புக்கெல்லாம் விமர்சனமா என்று கேட்கலாம். முந்நூறு பேர் படிக்கிற கவிதைத் தொகுப்புக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். இந்தப் பிடிஎஃப் மாதாமாதம் புதுப் பிள்ளைகளின் போனுக்குப் போகிறது. அவர்களில் பலர் வீட்டை விட்டு முதல் தடவை வெளியே வந்தவர்கள். இந்த ஊரைப் பற்றி எழுத்தில் அவர்களுக்குக் கிடைக்கிற முதல் செய்தி இதுதான். அப்படிப் பார்த்தால் இந்தப் பகுதியைப் பற்றி இப்போது அதிகம் வாசிக்கப்படும் நூல் இதுவாகவே இருக்கலாம்.

அட்டையில் தேயிலைத் தோட்டம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தேயிலைத் தோட்டம் எங்கே இருக்கிறது என்று யாரும் அந்த டிசைனரைக் கேட்கவில்லை போல. மாமரம் போட்டிருந்தால் படமும் கிடைத்திருக்கும், உண்மையும் ஆகியிருக்கும். உள்ளே போனால் ஆறு பக்கம் பெங்களூரு: விமான நிலையம், மால்கள், எங்கே என்ன சாப்பிடலாம். மூன்று பக்கம் வார இறுதிச் சுற்றுலா: ஒகேனக்கல், ஏற்காடு, கே.ஆர்.பி. அணை. ஒரு பக்கம் மருத்துவமனைகள். ஒரு பக்கம் வரைபடம். மீதியில் வாடகை வீடு, டாக்சி, ஏ.டி.எம்., வானிலை. கடைசிப் பக்கத்தில் 'உள்ளூர் மொழி: தமிழ்' என்று ஒரு வரியும் ஆறு தமிழ் வாக்கியங்களும். அதில் ஒன்று 'இது எவ்வளவு?'.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். வானிலைப் பக்கம் உருப்படியானது. டிசம்பர், ஜனவரியில் ஸ்வெட்டர் வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். தெற்கே இருந்து வருகிற பிள்ளைகள் இதை நம்பமாட்டார்கள், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து விடியற்காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் நம்புவார்கள். ஏ.டி.எம். பட்டியலும் சரியாக இருக்கிறது. அக்கா மகளிடம் சரிபார்க்கச் சொன்னேன்.

அவள்தான் முதல் விமர்சனத்தையும் வைத்தாள். "மாமா, இதுல பஸ்ஸே இல்ல."

நானும் தேடிப் பார்த்தேன். 18 பக்கத்தில் 'பஸ்' என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. டாக்சி ஏழு இடத்தில் வருகிறது. மென்பொருள் வேலையில் எங்களுக்கு முதலில் சொல்லித் தருவது, யூசர் யார் என்று கேள் என்பது. இந்தக் கையேட்டை எழுதியவர் மனதில் ஒரு யூசர் தெளிவாக இருக்கிறார். அவரிடம் கார் இருக்கிறது, பெங்களூரில் நண்பர்கள் இருக்கிறார்கள், குடும்பம் எலக்ட்ரானிக் சிட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பிவிடுவார். அப்படி வேலைக்கு வருகிறவர்கள் உண்டு. பத்தில் ஒருவர் இருப்பாரா? லைனில் நிற்கிறவர்கள் திருவண்ணாமலை, விழுப்புரம், தேனிப் பக்கத்துப் பெண்கள். ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார், அசாம் பையன்கள். அப்புறம் வேப்பனப்பள்ளி, வரட்டனப்பள்ளிப் பக்கத்திலிருந்து தினமும் வந்து போகிற உள்ளூர் ஆட்கள். கையேட்டில் இருக்கிற 'நீங்கள்' என்ற சொல்லுக்குள் இவர்கள் யாரும் இல்லை.

பஸ் விஷயம் சின்னதில்லை. குந்தாரப்பள்ளி கூட்ரோட்டில்தான் வேப்பனப்பள்ளி ரோடு பிரிகிறது. கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் ஏறும்போதே "குந்தாரப்பள்ளி நிக்குமா?" என்று கண்டக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் ஏறவேண்டும். நிற்காத வண்டியில் ஏறிவிட்டால் சூளகிரி வரை போய்த் திரும்ப வேண்டியதுதான். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. மாதச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பியது போக மீதியை வைத்து ஓட்டுகிற ஒரு டிரெய்னிப் பெண்ணுக்கு இந்த ஒரு வரி, ஆறு பக்கப் பெங்களூரைவிடப் பெறும். நெடுஞ்சாலையை எங்கே கடக்கலாம், எங்கே கடக்கவே கூடாது என்பதும் வேண்டும். 2016 ஜூனில் மேலுமலைக்குப் பக்கத்தில் லாரியும் தனியார் பஸ்ஸும் மோதியதில் பதினைந்து பேருக்கு மேல் செத்துப்போனார்கள். வண்டிகள் அந்த இறக்கத்தில் வருகிற வேகம் இன்னும் குறையவில்லை.

அடுத்தது போக்குவரத்துப் பக்கத்தில் இருக்கிற ஒரு வரி: 'அருகிலுள்ள ரயில் நிலையம்: கிருஷ்ணகிரி.'

கிருஷ்ணகிரியில் ரயில் நிலையம் இல்லை. மாவட்டத் தலைநகர், ஆனால் ரயில் கிடையாது. ஒவ்வொரு தேர்தலிலும் ஜோலார்பேட்டை - கிருஷ்ணகிரி - ஓசூர் பாதை வரும் என்று சொல்வார்கள். உள்ளூர்க்காரர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். இந்தத் தவறு எனக்குப் பிடித்தும் இருக்கிறது, ஏனென்றால் ஒரு காலத்தில் அது உண்மை. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-ல் ஒரு குறுகிய ரயில்பாதை போட்டார்கள். மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-ல் இன்னொன்று. அது 1913-ல் ஓசூர் வரை நீண்டது. இரண்டையும் 1941-ல் மூடிவிட்டார்கள். போர்க்காலம், தண்டவாள இரும்பு தேவைப்பட்டது. கையேட்டை எழுதியவருக்கு எண்பது வருஷத்துக்கு முந்தைய தகவல் எங்கிருந்து கிடைத்தது என்பது தனி ஆராய்ச்சிக்குரியது. இன்றைக்கு ரயில் பிடிக்க வேண்டுமென்றால் ஓசூர், ராயக்கோட்டை, அல்லது ஆந்திரப் பக்கம் குப்பம். சென்னைக்கு நிறைய வண்டி வேண்டும் என்றால் ஜோலார்பேட்டை.

அந்தச் சின்ன ரயில்களை எதற்குப் போட்டார்கள்? பஞ்சத் தடுப்பு ரயில்கள் என்றுதான் அவற்றுக்குப் பெயர். 1876-78 பெரும் பஞ்சத்தில் பழைய சேலம் மாவட்டம் அழிந்ததுபோல் ஆனது. கிருஷ்ணகிரியும் ஓசூரும் அப்போது சேலம் மாவட்டம். 1871 கணக்கெடுப்பில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1881-ல் 16 லட்சம். ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஆள் இல்லை: செத்தவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள், பிறக்காமலே போனவர்கள். தானியம் வேறு இடத்தில் இருந்தும் கொண்டுவர வழியில்லாமல் போனதால், பின்னால் தண்டவாளம் போட்டார்கள். நாற்பது வருஷம் ஓட்டிவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

இந்தப் பஞ்சத்துக்கு ஐந்து வருஷம் கழித்து, 1883-ல், இந்த மண்ணைப் பற்றி ஒரு புதுப் பணியாளர் கையேடு வந்தது. பெயர் அப்படி இல்லை. லெ ஃபானு என்ற அதிகாரி தொகுத்த 'சேலம் மாவட்ட மேனுவல்', இரண்டு பாகம். அதன் பின் 1918-ல் எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் கெசட்டியர். இவற்றை வரலாற்று ஆதாரமாகத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நான் இவற்றை வேறு மாதிரி படிக்கிறேன். கப்பலில் வந்து இறங்குகிற இளம் அதிகாரியை ஒரு மாவட்டத்துக்கு அனுப்புகிறார்கள். அவனுக்கு அந்த இடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. மழை எப்போது, ரோடு எப்படி, ஏரி எத்தனை, என்ன பயிர், என்ன வரி, யார் யாரோடு சண்டை போடுவார்கள் என்று ஒரே புத்தகத்தில் எழுதிக் கொடுக்கிறார்கள். எச்.ஆர். பிடிஎஃப் செய்ய வேண்டிய வேலையும் இதுதான்.

ஒப்பிட்டால் பிடிஎஃப் தோற்கிறது, அதுவும் மோசமாக. மேனுவல்காரர்கள் மாவட்டத்தைத் தாலுகா தாலுகாவாகப் பிரித்து நடந்து பார்த்தார்கள். பழைய சேலத்தை அவர்கள் மூன்றாகச் சொல்வார்கள்: மைசூர்ப் பீடபூமியின் விளிம்பில் ஓசூர் அடங்கிய பாலாகாட், நடுவில் கிருஷ்ணகிரி, தர்மபுரி அடங்கிய பாராமகால், கீழே சேலம் பக்கத்துத் தாலாகாட். இது வெறும் பெயர் விளையாட்டு இல்லை. குந்தாரப்பள்ளியிலிருந்து மேற்கே மேலுமலை ஏறினால் காது லேசாக அடைக்கும். கிருஷ்ணகிரி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 500 மீட்டர், ஓசூர் 900 மீட்டரை ஒட்டி. பயிர், குளிர், தண்ணீர், பேச்சு எல்லாம் அந்த ஏற்றத்தில் மாறுகின்றன. நம் பிடிஎஃப் வரைபடத்தில் மேலுமலை இல்லை. நடுவில் கம்பெனி லோகோ, ஒரு தடித்த கோடு, அதில் நாலு ஹோட்டல். சுற்றி எல்லாம் இளம்பச்சை.

ஆனால் மேனுவல்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் முடியாது. மக்களைப் பற்றிய அத்தியாயங்களில் சாதிகளைக் கிடங்குச் சரக்கு மாதிரி வரிசைப்படுத்தி, இவர்கள் உழைப்பாளிகள், அவர்கள் சோம்பேறிகள் என்று சீட்டு ஒட்டுகிற குரல் இருக்கிறது. வரி வசூல்தான் நோக்கம்; ஊரை அறிவது அதற்கான கருவி. எழுதப்பட்டவர்கள் யாரும் அதைப் படிக்கப் போவதில்லை என்ற நிச்சயமும் எழுத்தில் தெரிகிறது. ஒரு விஷயத்தில் மட்டும் அவை நேர்மையானவை: தகவல் தப்பானால் படிக்கிற அதிகாரி மாட்டிக்கொள்வான், ஆகவே சரிபார்த்தார்கள். பிடிஎஃப்பில் தப்பு இருந்தால் எழுதியவருக்கு ஒன்றும் ஆகாது. இல்லாத ரயில் நிலையத்தில் இறங்கத் தேடுபவள் டிரெய்னி.

இன்னும் பின்னால் போனால் சுவாரஸ்யம் கூடுகிறது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு பாராமகாலை விட்டுக்கொடுத்தார். வாங்கிக்கொண்டதும் ஒரு கம்பெனிதானே! கிழக்கிந்தியக் கம்பெனி. புது 'பிராஞ்ச்' திறந்தாயிற்று, யாரைப் போடுவது? கார்ன்வாலிஸ் சிவில் ஊழியர்களை விட்டுவிட்டு ராணுவ அதிகாரிகளைப் போட்டார். சிவில் ஆட்களுக்கு மக்கள் பேச்சு தெரியாது என்பது முக்கியக் காரணம். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் தலைமையில், தாமஸ் மன்றோ உள்ளிட்ட உதவியாளர்கள். மன்றோ 1799 வரை ஏழு வருஷம் இங்கே இருந்தார். ரயத்துவாரி வரிமுறை உருவானது இந்தப் பகுதியில்தான். அந்த வரி நல்லதா கெட்டதா என்பது வேறு சண்டை. கிராமம் கிராமமாகக் கூடாரம் போட்டுத் தங்காமல் அதை வகுத்திருக்க முடியாது என்பது மட்டும் இங்கே போதும்.

மொழி தெரிந்தவனை அனுப்பு என்று 1792-ல் ஒரு கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது. இன்றைய கையேடு 'உள்ளூர் மொழி: தமிழ்' என்று ஒரே வரியில் முடிக்கிறது. குந்தாரப்பள்ளியில் ஒரு டீக்கடையில் அரை மணி நேரம் உட்காருங்கள். கடைக்காரர் உங்களிடம் தமிழில் பேசுவார், மனைவியிடம் தெலுங்கில் பேசுவார், கோலார் பக்கத்து லாரிக்காரரிடம் கன்னடத்தில், ஆட்டு வியாபாரி பாயிடம் உருதுவில். யாரும் இதைப் பெரிய திறமையாக நினைப்பதில்லை. ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: குந்தாரப்பள்ளி, குருபரப்பள்ளி, வேப்பனப்பள்ளி, வரட்டனப்பள்ளி, போலுப்பள்ளி. கன்னடத்தில் பழைய 'ப' பின்னால் 'ஹ' ஆனது. பள்ளி ஹள்ளி ஆனது. எல்லைக்கு இந்தப் பக்கம் பள்ளியாகவே தங்கிவிட்டது, தெலுங்கில் பல்லெ. ஓசூர் என்றாலே கன்னடத்தில் புதூர் என்றுதான் அர்த்தம். அதற்கு முன் கல்வெட்டுகளில் செவிடபாடி. 'இது எவ்வளவு?' என்ற வாக்கியத்தைவிட, "நீங்க தெலுங்கா, கன்னடமா?" என்று கேட்டு வாங்குகிறவருக்குக் காய்கறி கொசுறோடு வரும். ஒடிசாவிலிருந்து வந்த பையனுக்கு, இங்கே கொஞ்சம் உருது, இந்தி ஓடும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் முதல் மாதத் தனிமை கொஞ்சம் குறைந்திருக்கும்.

இப்போது எனக்கு ஆற்றாமை அதிகமான இடம். வெள்ளிக்கிழமை.

குந்தாரப்பள்ளி என்றால் மூன்று மாநிலத்துக்காரர்களுக்கும் ஞாபகம் வருவது வெள்ளிக்கிழமைச் சந்தை. ஆடு, மாடு, கோழி. கர்நாடகத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வியாபாரிகள் வருகிறார்கள். பக்ரீத், தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமைகளில் கோடிக்கணக்கில் விற்றது என்று பேப்பரில் செய்தி வரும். சிப்காட் வருவதற்கு ரொம்ப முன்னாலிருந்தே இந்த ஊரின் தொழில் இதுதான். 18 பக்கத்தில் சந்தை என்ற பேச்சே இல்லை!

நான் பார்த்தவரை அங்கே ஆட்டுக்கு விலை கறிக்கணக்கில். தரகர் ஆட்டின் இடுப்பைப் பிடித்து லேசாகத் தூக்குவார், முதுகெலும்பை விரலால் அழுத்துவார், "பன்னெண்டு தேறும்" என்பார். பன்னிரண்டு கிலோ கறி. எதிர்த் தரப்பு பத்துக்கு மேல் ஒத்துக்கொள்ளாது. மாட்டுப் பக்கம் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்து விலை பேசுகிற பழைய முறை இன்னும் சிலரிடம் இருக்கிறது. கூகுள் பே வந்த பிறகும் இருக்கிறது, ஏனென்றால் பக்கத்தில் நிற்கிறவனுக்கு விலை தெரியக்கூடாது என்ற தேவை போகவில்லை. எங்கள் துறையில் மூடிய ஏலம் என்று கோடு எழுதுகிறோமே, அதுதான். படித்துவிட்டு வந்த ஒரு இன்டஸ்ட்ரியல் இன்ஜினியருக்கு இதைக் காட்டாமல் ஏற்காட்டுக்கு அனுப்புகிறார்கள்.

ரசனையை விடுங்கள், நடைமுறைக்கே வருவோம். வெள்ளிக்கிழமை காலையில் கூட்ரோடு முழுக்க சரக்கு வண்டி. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்குப் பஸ் தாமதமாகும், காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் பஞ்ச் அடிக்கத் தாமதமாகும். அக்கா மகளுக்கு முதல் மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை லேட். சூப்பர்வைசர் கேட்டபோது அவளுக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. கூட வேலை செய்யும் வேப்பனப்பள்ளி அக்காதான், "வெள்ளிக்கிழம அரமணி முன்னாடியே கெளம்பிடணும் கண்ணு, சந்த இல்ல?" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வாக்கியத்தை எழுத 18 பக்கத்தில் இடம் இல்லை.

மருத்துவமனைப் பக்கம். பெங்களூரில் நாலு, ஓசூரில் ஒன்று, எல்லாம் தனியார். போலுப்பள்ளியில் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2022 ஜனவரி 12-ல் தமிழ்நாட்டில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளைப் பிரதமர் திறந்துவைத்தாரே, அதில் ஒன்று. குந்தாரப்பள்ளியிலிருந்து சில கிலோமீட்டர், அதே நெடுஞ்சாலையில். கையில் மெஷின் இழுத்துவிட்டால், அல்லது ராத்திரி இரண்டு மணிக்கு வயிற்று வலி என்றால், 108-ஐக் கூப்பிட்டு எங்கே போவது என்று தெரிந்திருக்க வேண்டாமா? பெங்களூர்ப் பட்டியலைப் போட்டவர் அந்த மருத்துவமனையைத் தினமும் தாண்டித்தான் வேலைக்குப் போய் வந்திருப்பார். கண்ணில் பட்டும் பட்டியலில் ஏறவில்லை என்பதைக் கவனக்குறைவு என்று மட்டும் எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அவர் போகமாட்டார், அதனால் எழுதவில்லை.

தண்ணீரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். வயதான உள்ளூர்க்காரர்கள் பல்லில் பழுப்புக் கோடு பார்த்திருப்பீர்கள். இந்தியத் தர நிர்ணயத்தின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லை என்றால் 1.5. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-ல் தண்ணீர் விட்டார்கள். திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்பு என்று உண்டு. வாடகைக்கு அறை பார்க்கிறவர்கள் வீட்டுக்காரரிடம் "போர் தண்ணியா, ஒகேனக்கல் தண்ணியா?" என்று கேட்க வேண்டும். கையேடோ ஒகேனக்கலை அருவியாகவும் பரிசலாகவும் மட்டும் காட்டுகிறது. கே.ஆர்.பி. அணையும் அதற்கு பிக்னிக் இடம்தான். அணைக்குத் தண்ணீர் கொண்டுவருகிற ஆறுகளில் ஒன்று வேப்பனப்பள்ளிப் பக்கமாக வரும் மார்க்கண்டேய நதி. அதன் மேல்பகுதியில், கோலார் மாவட்டம் யர்கோளில் கர்நாடகம் அணை கட்டியது. எதிர்த்துத் தமிழ்நாடு போட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தள்ளியது. டீக்கடையில் ஆற்றைப் பற்றிப் பேச்சு வந்தால் குரல் ஏன் உயர்கிறது என்பதற்கு இது தெரிய வேண்டும்.

யானை பற்றி ஒரு வரி போதும். ராகி முற்றுகிற மாதங்களில் தளி, ஜவளகிரிக் காடுகள் வழியாக வரும் யானைகள் சானமாவு, ஊடேதுர்க்கம் வரை சுற்றும். வேப்பனப்பள்ளிப் பக்கமும் வரும். விடியற்காலையில் பைக்கில் வருகிற உள்ளூர்ப் பையன்களுக்கு இது தெரியும், விடுதியிலிருந்து நடைப்பயிற்சிக்குக் கிளம்புகிறவர்களுக்குத் தெரியாது.

கம்பெனி பஸ் விஷயத்தில் ஒரு சட்ட நுணுக்கம். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டத்தில் 'பணியிடம்' என்பதற்குள் நிறுவனம் ஏற்பாடு செய்து தரும் வண்டியும் அடக்கம். ராத்திரி ஷிஃப்ட் பஸ்ஸில் ஒரு பெண்ணுக்குத் தொல்லை என்றால் அது தொழிற்சாலைக்குள் நடந்ததற்குச் சமம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடமென்றால் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அக்கம்பக்கம் எங்கே முடிந்து வேலையிடம் எங்கே தொடங்குகிறது என்பதைச் சட்டமே இவ்வளவு தெளிவாகச் சொல்லும்போது, கையேடு வரைபடத்தில் கேட்டோடு கோடு போட்டு நிறுத்திவிடுகிறது.

நல்ல கையேடு சாத்தியமே இல்லை என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் பெருமந்த காலத்தில், 1935-ல், வேலையில்லாத எழுத்தாளர்களுக்குச் சம்பளம் கொடுத்து மாநிலத்துக்கு ஒன்றாக வழிகாட்டி எழுத வைத்தார்கள். ரிச்சர்ட் ரைட், ரால்ஃப் எலிசன் எல்லாம் அந்தத் திட்டத்தில் சம்பளம் வாங்கியவர்கள். ரோடு ரோடாக, மைல் மைலாக, இந்த வளைவில் என்ன ஆலை, இங்கே என்ன வேலைநிறுத்தம் நடந்தது என்றெல்லாம் அதில் வரும். அவ்வளவு தூரம் போகவேண்டாம், ஓசூரிலேயே முன்மாதிரி உண்டு. எண்பதுகளில் டைட்டன் தொடங்கியபோது சின்ன ஊர்களிலிருந்து பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகளை எடுத்து, வாடகை வீடுகளில் தங்கவைத்து, கூடவே வளர்ப்புப் பெற்றோர் போல ஒரு தம்பதியை வைத்தார்கள். பேங்கில் கணக்குத் தொடங்குவது முதல் சொல்லிக்கொடுக்க ஆள். அதில் கண்காணிப்பும் இருந்திருக்கும், "எங்க போற, எப்ப வருவ" என்ற கேள்வியும் இருந்திருக்கும். இன்றைய பெண்கள் அதை விரும்பமாட்டார்கள், விரும்பவேண்டியதும் இல்லை. ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஊர் தெரிந்த ஓர் ஆள் இருந்தார். இப்போது அந்த இடத்தில் பிடிஎஃப்.

கடைசியாக அந்த இளம்பச்சை. வரைபடத்தில் கம்பெனியைச் சுற்றி எழுத்தே இல்லாமல் விட்ட நிலத்தைச் சொல்கிறேன். அங்கே மாந்தோப்பு இருக்கிறது, ராகிக் காடு இருக்கிறது, சூளகிரிப் பக்கம் போனால் கொத்தமல்லியும் புதினாவும் லாரி லாரியாக ஏறுகிறது. 2023-ல் உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் பக்கம் சிப்காட்டுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து விவசாயிகள் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர் அந்தச் சண்டையில் பக்கம் எடுக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்; எனக்கே இதில் ஒரே கருத்து இல்லை, அந்தத் தொழிற்சாலைகளால்தான் என் அக்கா வீட்டில் இந்த வருஷம் கடன் அடைகிறது. ஆனால் வாடகை வீட்டுக்காரர் நிலத்தை விற்றவரா, விற்க மறுத்தவரா, விற்ற பணத்தில் கட்டிய வீட்டில்தான் நாம் குடியிருக்கிறோமா என்று தெரியாமல் அக்கம்பக்கத்தாரோடு எப்படிப் பேசுவது? காலி இடம் மாதிரி வரைந்தால் காலி இடம் என்றே அந்தப் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள்.

விமர்சனம் மட்டும் எழுதிவிட்டுப் போனால் அக்கா மகள் விடமாட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து நாலு பக்கத்தில் தமிழில் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறோம். அவள் லைனில் இருக்கிற ஒரு பெண் அதை இந்தியில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். முதல் பக்கத்தில் பஸ், இரண்டாவதில் ஆஸ்பத்திரி, தண்ணீர், போன் நம்பர்கள், மூன்றாவதில் சந்தைகள். குருபரப்பள்ளி போலீஸ் ஸ்டேஷன், 181 பெண்கள் உதவி எண், 108 எல்லாம் சேர்த்தாயிற்று. மூன்றாவது பக்கத்தில் பேரம் பற்றி நான் எழுதியது ரொம்ப நீளம் என்று பாதியை வெட்டிவிட்டாள். நான்காவது பக்கம் எதற்கு என்று இன்னும் முடிவாகவில்லை. அவள் சினிமா தியேட்டர் வேண்டும் என்கிறாள், நான் மல்லச்சந்திரத்துக் கற்திட்டைகள் என்கிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து வேப்பனப்பள்ளிக்குப் போகிற கடைசி டவுன் பஸ் கூட்ரோட்டை எத்தனை மணிக்குத் தாண்டுகிறது என்பதில் மட்டும் மூன்று பேர் மூன்று நேரம் சொல்கிறார்கள். அதில் தினமும் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் சரியான நேரத்தை எழுதுங்கள்; வெள்ளிக்கிழமைக்குத் தனியாக.